ரீஃப் டேங்க்கில் வெண்புள்ளி: மருந்தை டேங்க்குக்குள் ஊற்றுவதா, மீனை வெளியே எடுப்பதா?

சித்திரை மாதம், காலை ஒன்பது மணி. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே 34 டிகிரி. டேங்க் விளக்கைப் போட்டதும் பவுடர் ப்ளூ என்ற நீல மீன் வழக்கம்போல் முன்கண்ணாடிக்கு வந்தது. அதன் பக்கத் துடுப்பில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள், ரவையை எடுத்து ஒட்டினாற்போல. மணல் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது திரும்பிப் போய்ப் பாறையில் விலாவைத் தேய்த்துக்கொண்டு ஓடியபோது வயிறு கலங்கியது.

அந்த மீன் ஒன்பது நாளுக்கு முன் சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தது. தனி டேங்க்கில் வைத்துப் பார்க்காமல் அன்று காலையே நேராக 300 லிட்டர் ரீஃப் டேங்க்கில், அதாவது பவளமும் மீனும் சேர்த்து வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், விட்டது நான்தான். உள்ளே ஏற்கெனவே க்ளவுன் ஜோடி, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு கோபி, ஒரு ஃபயர்ஃபிஷ் என்று ஐந்து மீன்கள். கூடவே சோயாந்தஸ், மஷ்ரூம், லெதர் என மென்பவளங்கள், நத்தைகள், இரண்டு இறால்கள். கல் பவளம் என்னிடம் இல்லை. நம் நாட்டில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன, அவற்றைத் தொடக் கூடாது.

நன்னீர் டேங்க்காக இருந்தால் மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றிவிட்டு, ஹீட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ரீஃப் டேங்க்கில் அது நடக்காது. ஒட்டுண்ணியைக் கொல்லும் எதுவும் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். எந்த மருந்து என்ற கேள்விக்கு முன்னால், மீன் எங்கே இருக்கும்போது மருந்து என்ற கேள்வி வந்து நிற்கிறது. நான் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டேன். எட்டு நாள் போனது, இரண்டு மீன் போனது. அதே இடத்தில் நிற்கும் இன்னொருவர் அந்த எட்டு நாளை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

எந்த நோய் என்று முதலில்

வழியைத் தேர்ந்தெடுப்பது நோயைப் பொறுத்தது. கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளியைக் கிரிப்டோகாரியான் என்ற ஓரணு உயிர் உண்டாக்குகிறது. 1951இல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஹாபிக்காரர்கள் அதை 'இக்' (ich) என்போம். புள்ளிகளை எண்ண முடியும். இன்று பத்து, நாளை நாலு, அடுத்த வாரம் நாற்பது என்று ஏறி இறங்கும். மீன் தேய்த்துக்கொள்ளும், ஆனாலும் சாப்பிடும்.

வெல்வெட் வேறு. அமைலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அது. அதில் புள்ளியை எண்ணவே முடியாது. மஞ்சள் கலந்த மாவைச் சலித்துத் தூவினாற்போல உடம்பெல்லாம் படிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் கண்ணுக்குப் படும். பல சமயம் அந்தத் தூள் தெரிவதற்கு முன்பே செவுளைப் பிடித்திருக்கும். மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், வேவ்மேக்கர் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து நிற்கும், மூச்சு வேகமாகும், சாப்பாட்டைத் தொடாது. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

மூச்சு எண்ணும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். மீன் நன்றாக இருக்கும் நாளில் அரை நிமிடத்துக்குச் செவுள் எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நோய் வந்தபின் எண்ணினால் எதோடு ஒப்பிடுவீர்கள்? என்னிடம் அந்தக் கணக்கு அன்று இல்லை.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ளவுன் மீனின் தோல் வெள்ளைச் சளியாக உரிந்து வந்தால் அது ப்ரூக்லினெல்லா; அதற்கு ஃபார்மலின் வழி, கீழே சொல்லும் காப்பர் (செம்பு) மருந்து உதவாது. கண் மங்கி, மீன் தலையை வெட்டிவெட்டி ஆட்டினால் தட்டைப்புழுவாக இருக்கலாம். அதே வெப்பமும் பி.எச்.சும் உள்ள நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால், கண்ணாடிபோல் இருந்த புழு வெளுத்து எள்ளைப் போல அடியில் விழும். அதற்கு மருந்து பிராசிகுவான்டல். இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிட்டு இக், வெல்வெட் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டேங்க்கைக் காலி செய்வது அநேகமாக இவைதான்.

உள்ளேயே வைத்துப் பார்ப்பது

முதல் எட்டு நாள் நான் செய்தவை: சாப்பாட்டில் பூண்டுச் சாறு, சம்ப்பில் (டேங்க் நீர் சுற்றிவரும் அடித்தொட்டியில்) யு.வி. விளக்கு, ரீஃபுக்கு ஆபத்தில்லை என்று லேபிளில் எழுதிய ஒரு பாட்டில் மருந்து. மூன்றாம் நாள் காலை பவுடர் ப்ளூவின் உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை. பூண்டு வேலை செய்துவிட்டது என்று எங்கள் ஹாபி நண்பர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்.

புள்ளிகள் ஏன் மறைந்தன என்பதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்துப் புரிந்துகொண்டேன். இக் கிருமி மீனின் தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுக்கிறது. நாம் புள்ளி என்று பார்ப்பது அதைத்தான். பிறகு அது தானாகவே, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்கிவிடுகிறது. மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து இருநூறு வரை ஆகிறது. மூன்று நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள், சில சமயம் இன்னும் தாமதமாக, கூடு வெடித்து அத்தனையும் நீந்திக்கொண்டு மீனைத் தேடி வருகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். முந்நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் கிடைக்காமல் எங்கே போகும்?

புள்ளி மறைந்த நாள் என்பது கிருமி மணலில் முட்டையிட உட்கார்ந்த நாள் போலத்தான். பூண்டு கொடுத்தாலும் மறையும், வேப்பிலை கட்டினாலும் மறையும், ஒன்றும் செய்யாவிட்டாலும் மறையும். எட்டாம் நாள் காலை எல்லா மீன் மேலும் புள்ளி இருந்தது. ஃபயர்ஃபிஷ் பாறைக்கடியில் செத்துக் கிடந்தது. பவுடர் ப்ளூ அன்று மாலை போனது.

உள்ளே வைத்துச் செய்யும் வழிகளை இந்தச் சுழற்சியை வைத்து எடை போடுங்கள். யு.வி. விளக்கு தன் குழாய் வழியே போகும் நீந்தும் கிருமியை மட்டும் கொல்லும். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. இரவில் பாறையிடுக்கில் மீன் தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு வெடித்தால், கிருமி சம்ப் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். க்ளீனர் இறால் மீனைக் கொத்துவதைப் பார்க்க அழகாக இருக்கும். தோலுக்கு அடியில் புதைந்ததை அது எடுப்பதில்லை. பாட்டில் மருந்துகளைப் பற்றி ஒரே ஒரு வாதம் போதும்: நீந்தும் ஓரணு உயிரைக் கொன்றுவிட்டு, அதே நீரில் இருக்கும் இறாலையும் பவளத்தையும் விட்டுவைக்கிற அளவுக்கு நாசூக்கான மருந்து இருந்தால், நாம் யாரும் காப்பரைக் கையில் தொட மாட்டோம்.

ஆனாலும் இந்த வழி எல்லோருக்கும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் லிட்டர் டேங்க், சிமெண்ட் போட்டு ஒட்டிய பாறை, பிடிக்கவே முடியாத மீன்கள், வந்திருப்பது இக் மட்டும், எல்லா மீனும் கொழுகொழுவென்று சாப்பிடுகிறது என்றால் யு.வி., நல்ல சாப்பாடு, சீரான வெப்பம் என்று ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்பும் வரும். கிருமி டேங்க்கை விட்டுப் போகாது. மின்சாரம் நின்று, வெப்பம் ஏறி, மீன் தளர்ந்த ஒரு நாளில் திரும்ப வரும். அதை ஏற்றுக்கொண்டு நடத்துவதாக இருந்தால் நடத்தலாம். வெல்வெட் என்றால் இந்தப் பேச்சே கிடையாது.

பிடிப்பது

வெளியே எடுப்பது என்று முடிவு செய்தால் ஒரு மீன் கூட உள்ளே மிஞ்சக் கூடாது. கண்ணில் புள்ளி தெரியாத கோபியும் வெளியே வர வேண்டும். பலரும் இங்கேதான் தளர்கிறார்கள், காரணமும் நியாயமானது. பாறையைக் கலைத்தால் மாதக்கணக்கில் ஒட்டி வளர்ந்த மென்பவளம் கிழியும், மணல் கலங்கும்.

வலையை வைத்துக்கொண்டு துரத்தினால் விடிய விடியத் துரத்த வேண்டியதுதான். நான் செய்தது இது. டேங்க் நீரை மூன்றில் ஒரு பங்கு வரை சுத்தமான டிரம்களில் வடித்தேன். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து சிவப்புத் துணி சுற்றிய டார்ச்சோடு பார்த்தேன். க்ளவுன் ஜோடி லெதர் பவளத்தின் மடிப்பில் படுத்திருந்தது. ஒரு தயிர் டப்பாவால் அப்படியே மொண்டு எடுத்தேன். கோபியும் பெரிய சிரமம் தரவில்லை. சிக்ஸ்லைன் ராஸ்தான் மூன்று நாள் ஆட்டம் காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதையே தலைகீழாக உள்ளே செருகி, அடியில் இறால் துண்டு வைத்துப் படுக்கவைத்தேன். மூன்றாம் நாள் மதியம் உள்ளே போயிருந்தது. பாறை ஒன்றைக் கூட நகர்த்தவில்லை.

வெளியே எடுத்தபின்: டப் மாற்றுவதா, காப்பரா, உப்பைக் குறைப்பதா

இக்குக்கு என் முதல் தேர்வு டப் மாற்றும் முறை. மருந்தே இல்லாத வழி, கணக்கு மட்டும்தான். கிருமி மீன் மேல் அதிகபட்சம் ஏழு நாள் இருக்கும், இறங்கிக் கூடு கட்டினால் வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். மூன்று நாளுக்கு ஒரு தடவை மீனைப் புதிய நீருள்ள புதிய டப்புக்கு மாற்றிவிட்டால், இறங்கியவை எல்லாம் பழைய டப்பின் அடியிலேயே தங்கிப்போகும். முதல் நாள் ஒரு டப், 4ஆம் நாள், 7ஆம் நாள், 10ஆம் நாள் என்று மாற்றி, 13ஆம் நாள் கிருமியே கண்டிராத ஒரு டேங்க்கில் விட வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஐந்தாம் நாள் மாற்றினால், திரும்ப முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

வீட்டில் துணி வைக்கும் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு போதும். ஒன்றில் மீன் இருக்கும்போது இன்னொன்று காய வேண்டும். டப், ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ளப் போட்ட பி.வி.சி. குழாய் எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காயவைத்தால் கூடு செத்துவிடும். சேலத்து வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வரம். மொட்டை மாடியில் காலையில் வைத்த டப்பை மதியம் கையால் தொட முடியாது. ஐப்பசி மழையில் இதே வேலையைச் செய்தால் காயாது. ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, வாடை அறவே போகும்வரை கழுவி, உள்ளே விசிறிக்கடியில் காயவைக்க வேண்டும்.

செலவு என்றால் உப்புதான். செயற்கைக் கடலுப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் பிடிக்கும். 40 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ, நாலு டப்புக்கு ஆறு கிலோ. அதோடு 160 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் ஆர்.ஓ. கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். போர்வெல் தண்ணீர் என்றால் முந்தின நாளே தொடங்க வேண்டும். டப்பில் ஃபில்டர் பாக்டீரியா இருக்காது, மூன்று நாளில் அமோனியா ஏறும். குறைவாகத் தீனி போடுங்கள், அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் கையில் வைத்திருங்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 40 லிட்டர் நீர் மதியத்துக்குள் 32 டிகிரி தொட்டுவிடும். வெந்நீரில் ஆக்ஸிஜன் குறைவு, செவுள் புண்ணான மீனுக்கு அது போதாது. வீட்டில் குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே டப்பை வையுங்கள். எங்களுக்கு அது பூஜை அறை ஒட்டிய நடை. இரண்டு ஏர் ஸ்டோன், உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று மிதக்க, மேலே சிறு விசிறி. இவ்வளவோடு 28இல் நின்றது. நாலு மீனும் பதின்மூன்று நாளைத் தாண்டின.

டப் முறைக்கு ஒரே பெரிய குறை: இது வெல்வெட்டுக்கு உதவாது. வெல்வெட்டின் சுழற்சி இந்த 72 மணி நேரக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

காப்பர் இரண்டையும் கொல்லும். அதுவும் நீந்தும் பருவத்தில்தான் கொல்கிறது, தோலுக்கடியில் இருப்பதைத் தொடாது. அதனால்தான் 30 நாள் அளவு குறையாமல் வைக்க வேண்டியிருக்கிறது. அல்லது 14 நாள் வைத்துவிட்டுக் கிருமியற்ற இன்னொரு டேங்க்குக்கு மாற்ற வேண்டும். கடையில் கிடைப்பதில் இரண்டு வகை: பிணைக்கப்பட்ட காப்பர், அதை 2 முதல் 2.5 பி.பி.எம்.இல் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வைக்கச் சொல்வார்கள். தனி அயனி காப்பர், அதன் அளவு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். முதல் வகையின் அளவை இரண்டாவதுக்குப் போட்டால் மீன் செத்துப்போகும். உங்கள் பாட்டிலோடு ஒத்துப்போகும் டெஸ்ட் கிட் இல்லாமல் காப்பரைத் தொடாதீர்கள். அளவு குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் மீன் சாகும், நடுவில் இடம் சின்னது.

எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். மயில்துத்தம் என்று உரக்கடையில் கிடைப்பது காப்பர் சல்ஃபேட்தான், அதன் எடையில் கால் பங்கு செம்பு. 100 லிட்டர் நீரில் 0.2 பி.பி.எம். வர 80 மில்லிகிராம் போதும். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒட்டுகிற அளவு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு முத்தை நிறுக்கும் தராசில்தான் அதை நிறுக்க முடியும். உரக்கடைத் துத்தத்தின் சுத்தமும் நமக்குத் தெரியாது. அதனால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மீனுக்கென்று விற்கும் பாட்டிலையே வாங்குங்கள்.

காப்பர் டேங்க்கில் பாறை, மணல் இரண்டும் கூடாது. சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சி அளவைக் கெடுக்கும். ஃபில்டரில் போட்ட கார்பனை எடுத்துவிட வேண்டும். அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பர் நீரில் விடாதீர்கள். சில வகைகளோடு சேர்ந்தால் செம்பின் விஷம் கூடுகிறது. வாளி, வலை, குழாய் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். அவை ஆயுளுக்கும் ரீஃப் பக்கம் வரக் கூடாது.

இந்தச் சிவப்பு டேப் பழக்கம் ஏற்காட்டிலிருந்து வந்தது. அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் ரீஃப் டேங்க் வளர்க்கிறார். காப்பி இலைத்துருவுக்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள் அல்லவா, அந்த வாளி ஒன்றைக் கழுவி, வீட்டில் யாரோ உப்புத் தண்ணீர் கலக்க எடுத்துவிட்டார்கள். இரவு போன் வந்தது.

"தம்பி, நத்தை எல்லாம் கண்ணாடிய விட்டு விட்டு விழுதுங்க. இறால் ரெண்டும் போச்சு. மீன் மட்டும் ஒண்ணும் ஆகாத மாதிரி சுத்துது."

"அண்ணா, தண்ணி மாத்துன வாளி எதுங்க?"

கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. கழுவிய வாளியின் அடியில் இருந்த கறை அவ்வளவு செய்துவிட்டது. கார்பன் நிரப்பி, மூன்று தடவை நீர் மாற்றித்தான் பவளங்களைக் காப்பாற்றினார். காப்பரை ரீஃப் டேங்க்குக்குள் கொஞ்சமாக ஊற்றினால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், இந்த வாளிக் கதையைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வழி உப்பைக் குறைப்பது. மீனைத் தனி டேங்க்கில் வைத்து ஓரிரு நாளில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியை (உப்பு எவ்வளவு என்று காட்டும் நீரின் அடர்த்தி அளவை) 1.009க்கு இறக்கினால், இக் கிருமியின் கூடுகள் தாங்காமல் வெடித்துவிடும், மீன் தாங்கும். கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் 30 நாள் அதே இடத்தில் நிற்க வேண்டும். மருந்துச் செலவு இல்லை, உப்புச் செலவு டப் முறையைவிடக் குறைவு. கேட்க நன்றாக இருந்தாலும் இதை நான் இரண்டாம் பட்சமாகத்தான் வைக்கிறேன். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் முப்பது நாளும் வீண். 60 லிட்டர் டேங்க்கில் நம் ஊர்க் கோடையில் விசிறிக்கடியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வற்றும். நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் 1.009 என்பது 1.010 ஆகியிருக்கும். இந்த அளவைத் தாங்கும் இக் வகைகளும் கண்டிருக்கிறார்கள். வெல்வெட்டுக்கு இது எதுவுமே செய்யாது. காப்பர் தாங்காத மீன்களுக்கு, டப் மாற்றும் அலைச்சலும் முடியாதபோது, வீட்டில் தினமும் ஒருவர் இருந்தால் இதைச் செய்யலாம்.

குளோரோகுயின் பற்றியும் கேட்பார்கள். மலேரியா மருந்து, இக், வெல்வெட் இரண்டுக்கும் வெளிநாட்டு ஹாபிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மனிதருக்கான சீட்டு மருந்தை மாத்திரையாக வாங்கிப் பொடித்துப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மருந்து அல்லாத மற்றவை இருக்கின்றன, வீட்டில் அளந்து பார்க்க டெஸ்ட் கிட்டும் இல்லை.

ஏற்காட்டில் வெல்வெட்

அதே அண்ணனுக்கு மார்கழியில் வெல்வெட் வந்தது. மாலை ஆறு மணிக்குப் படம் அனுப்பினார். க்ளவுன் இரண்டும் வேவ்மேக்கர் முன்னால் வாயைத் திறந்தபடி, மேலே பொன்னிறத் தூசு. அவருக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே வைத்துப் பார்க்க நாள் இல்லை. டப் மாற்றலும் உப்புக் குறைப்பும் வெல்வெட்டுக்கு ஆகாது. மார்கழிப் பனியில் அங்கே ஒரு டப்பும் காயாது, மூன்று நாள் வெளியே வைத்தாலும் ஈரமாகவே இருக்கும். மிச்சம் காப்பர்தான்.

பாட்டில் என்னிடம் இருந்தது. பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர் மீன்களை ஐந்து நிமிடம் நன்னீரில் வைத்து எடுத்திருந்தார். அது குணமாக்காது, செவுளில் ஒட்டியதில் கொஞ்சத்தை உதிர்த்து ஓரிரவு மூச்சு வாங்கித் தரும். காப்பரை வழக்கமாக நாலு நாளில் படிப்படியாக ஏற்றுவோம். வெல்வெட் அவ்வளவு நேரம் தராது என்பதால் இரண்டு நாளில் ஏற்றினோம். ஒவ்வொரு ஆறு மணி நேரமும் டெஸ்ட். ஆறு மீனில் நாலு பிழைத்தன. அவர் அன்று காலையே பார்த்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கலாம், அல்லது அப்போதும் நாலுதானோ, அதைச் சொல்ல முடியாது.

அவர் வீட்டில் மருந்து டேங்க்கைக் கூடத்தின் மறுமூலைக்கு மாற்றச் சொன்னேன். வெல்வெட் கிருமி ஏர் ஸ்டோன் தெறிக்கும் நீர்த்திவலையில் ஏறிக் காற்றோடு பக்கத்து டேங்க்குக்குப் போவதைப் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். விசிறி ஓடும் நம் வீடுகளில் இரண்டு டேங்க்கும் மூன்று மீட்டருக்கு மேல் விலகியிருப்பது நல்லது. ஈரக்கையோடு இதிலிருந்து அதற்குப் போகவும் கூடாது.

டேங்க்கைச் சும்மா விடுவது

மீனுக்கு எந்த வைத்தியம் செய்தாலும், ரீஃப் டேங்க்குக்கு ஒரே வைத்தியம் மீனில்லாமல் கிடப்பதுதான். நீந்தி வரும் கிருமிக்கு மீன் கிடைக்காமல் ஒவ்வொரு தலைமுறையாகச் செத்துத் தீர வேண்டும். எத்தனை நாள்? இக் கூடு 72 நாள் வரை கழித்து வெடித்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அதோடு நீந்தும் நாளையும் கூட்டி 76 நாள் என்பது ஹாபியில் பழைய வழக்கம். நீரை 27 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் 45 நாள் போதும் என்று பலர் இப்போது சொல்கிறார்கள். குளிரில் கூடு தாமதமாக வெடிக்கிறது, வெப்பத்தில் சீக்கிரம்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் முடிவு வேறாவது இங்கேதான். எங்கள் டேங்க் ஹீட்டரே போடாமல் வருடத்தில் பெரும்பாலான நாள் 27க்கு மேல் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் அண்ணனின் டேங்க் மார்கழியில் ஹீட்டர் கொஞ்சம் சுணங்கினாலும் 22க்கு இறங்கிவிடும். அவருக்கு 45 என்ற கணக்கு கிடையவே கிடையாது, 76 முழுசாக எண்ண வேண்டும். சேலத்தில் 45 எண்ணுபவர்களை நான் தப்பு சொல்லவில்லை. நான் 76 எண்ணினேன், இரண்டு மீன் செத்த வீட்டில் ஒரு மாதம் கூடக் காத்திருப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில் புதிதாக ஒரு நத்தை, ஒரு சோயாந்தஸ் துண்டு கூட, மீனிருந்த டேங்க்கிலிருந்து வாங்கி உள்ளே போடக் கூடாது. ஓட்டிலோ கல்லிலோ கூடு ஒட்டியிருந்தால் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து. பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகைத் தீனி போட்டேன், இறால்கள் அதைத் தின்றன. முப்பதாவது நாள் வாக்கில் இரவு டார்ச் அடித்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசுபோல் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய இறாலினப் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. தின்ன மீன் இல்லாததால் அவை பெருகிவிட்டன. பாறைக்கு அடியில் அரிசி அளவுக்கு ஆம்ஃபிபாடுகள், அதே இனத்தில் கொஞ்சம் பெரியவை. மீன் இருந்த நாளில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

78ஆம் நாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுக் க்ளவுன் ஜோடியை முதலில் விட்டேன். லெதர் பவளத்தின் அதே மடிப்பைத் தேடிப் போய்ப் படுத்தன. அடுத்த நாள் கோபி, கடைசியாக ராஸ். ராஸ் முதல் ஒரு மணி நேரம் பாறையைச் சுற்றிச் சுற்றி அந்தக் கோப்பிபாடுகளைத் தின்றுகொண்டே இருந்தது. இரண்டு டப்பும் இப்போது மொட்டை மாடிப் படிக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த மீன் எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதல் பதின்மூன்று நாள் அதில்தான்.